கயிறு பிடித்த காதர்

கிணற்று மேட்டில் அன்று இருந்தவர்கள் இவர்கள்.

லீடிங் ஃபயர்மேன் முனுசாமி. எங்களில் மூத்தவர். அதிர்ந்து பேச மாட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வார்.

டிரைவர் மாதையன். பென்னாகரம் பக்கத்து ஆள். எங்களிடம் தமிழ் பேசுவார், வண்டியிடம் மட்டும் கன்னடம் பேசுவார்.

சின்னராஜ். வாய்க்காரன்.

கோவிந்தன். சின்னராஜ் பேசினால் சிரிப்பது இவன் வேலை.

காதர். தருமபுரியில் தகரப்பெட்டி செய்கிற குடும்பம். எங்கள் சங்கத்துக்குச் செயலாளர்.

அடுத்தது நான், தங்கவேல்.

கடைசியில் நிலைய அலுவலர் ரங்கநாதன் சார்.

நாங்கள் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள். நிலையம் எது என்று எழுதவில்லை. தருமபுரிக்கும் தொப்பூருக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு கோடைக்காலம்.

சங்கத்துப் பையன்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். பழைய ஆள் நீங்கள் ஏதாவது எழுதுங்கள் என்று இரண்டு தடவை வந்தார்கள். வேலையை ஒப்பந்தத்துக்கு விடுகிற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது என்றும் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கிணற்றைப் பார்த்தவர்களில் இப்போது இருப்பது நானும் கோவிந்தனும்தான். கோவிந்தனுக்குக் கண் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த கதை சின்னது. ஆள் எடுத்தார்கள், மார்பு அளந்தார்கள், ஓடவிட்டார்கள். சென்னையில் பயிற்சி. ஏணியில் ஏறினோம், இறங்கினோம். தண்ணீர் அடிக்கிற ஹோஸைச் சுருட்டினோம், விரித்தோம். முழங்கால் தேய்ந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். அவ்வளவுதான்.

நிலையத்தில்தான் வேலையைக் கற்றுக்கொண்டேன். அதை ரங்கநாதன் சாரின் கையைப் பார்த்துக் கற்றேன். அவர் வாயால் சொல்லித் தருகிறவர் இல்லை. காலையில் அணிவகுப்பு முடிந்ததும் உயிர்க்கயிற்றை எடுப்பார். ஆள் இறங்குவதற்கென்றே தனியாக வைத்திருக்கிற கயிறு அது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறுங்கையில் உருவிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் கை நிற்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓர் இழை நைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நான் எத்தனையோ தடவை அதே இடத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததில்லை.

திட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். நன்றாகச் செய்தால் "ம்" என்பார். தப்பாகச் செய்தால் பேசாமல் அவரே மறுபடி செய்வார். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம்.

எங்களிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. கட்டுரைக்கு வேண்டியது என்பதால் சொல்கிறேன்.

ஒன்று, நம்பர் சொல்வது. எந்தத் தீக்குப் போனாலும், எந்த விபத்துக்குப் போனாலும், திரும்ப வண்டி ஏறியதும் முனுசாமி அண்ணன் "நம்பர்" என்பார். அவரே ஒன்று என்று தொடங்குவார். மாதையன் இரண்டு. இப்படியே போய் அலுவலரோடு முடியும். கடைசி நம்பர் காதில் விழாமல் மாதையன் வண்டியைக் கிளப்ப மாட்டார். ஒருவனுக்காக இன்னொருவன் நம்பர் சொல்லக் கூடாது. விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

இன்னொன்று, கயிறு. கிணற்றில் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது யார் என்பதை இறங்குகிறவன்தான் சொல்ல வேண்டும். அலுவலர் சொல்ல முடியாது. மேலே நிற்கிறவன் நான் பிடிக்கிறேன் என்று முன்னால் வரவும் கூடாது. இறங்குகிறவன் வரிசையைப் பார்த்து ஒரு பேரைச் சொல்வான். அந்த ஆள் வந்து பிடிப்பான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

வேலையின் நிலவரத்தையும் சொல்ல வேண்டும். ஒரு முழுநாள் நிலையத்திலேயே இருப்போம். மாற்று ஆள் வராவிட்டால் மறுநாளும் அதே ஆள்தான். இரண்டு பேருக்கு ஒரு ஜோடி பூட்ஸ். எனக்கும் கோவிந்தனுக்கும் ஒரே ஜோடி, அவன் கால் பெரியது. நான் துணி சுற்றிப் போட்டுக்கொள்வேன். விஷக்காற்று இருக்கும் இடத்தில் முகத்தில் மாட்டிக்கொள்கிற மூச்சுக்கருவி ஒன்றே ஒன்று. அதுவும் பாதி நாள் பழுது பார்க்கச் சேலத்துக்குப் போயிருக்கும்.

காதர் இதையெல்லாம் எழுதி, டீக்கடையில் வைத்து எங்களிடம் கையெழுத்து வாங்கி, ரங்கநாதன் சாரைக் கேட்காமல் நேராகச் சென்னைக்கு மனு அனுப்பிவிட்டான். சீருடை போட்டவனுக்குச் சங்கமா என்று கேட்ட காலம் அது. மனு போன வேகத்தில் திரும்பி வந்தது. எந்த நிலையம், யார் அனுப்பியது, அலுவலருக்குத் தெரியுமா என்று கேள்வியோடு வந்தது.

சார் காதரைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் வெளியே ஹோஸ் காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

"யாரக் கேட்டு மனு போட்ட?"

"கேட்டா வேணாம்பீங்கன்னு தெரியும் சார். அதான் கேக்கல."

"என்னைத் தாண்டிப் போனது தப்பு."

"தப்புதான் சார். மூச்சுக்கருவி கேட்டதும் தப்புங்களா?"

"அத நான் சொல்லல."

"சொல்லுங்க சார். அதத்தான் நாங்க கேக்குறோம்."

மேஜை இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது.

"இந்தா மெமோ. பதில் எழுதிக் குடு."

"பேனா இல்லீங்க சார்."

சார் தன் பேனாவைக் கொடுத்தார். காதர் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பேனாவையும் திருப்பிக் கொடுத்தான். சின்னராஜ், "பேனாவ மட்டும் ஏண்டா உட்டுட்டு வந்த, அதுக்கும் ஒரு மனு போட்டிருக்கலாம்ல" என்றான். கோவிந்தன் சிரித்தான். அடுத்த வாரம் காதரை இடம் மாற்றலாம் என்று சார் மேலே எழுதி அனுப்பிவிட்டார் என்று தெரிந்தது. அவர் மறைக்கவில்லை. காதரைக் கூப்பிட்டு அவரே சொன்னார்.

அதே சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒப்பந்த யோசனையும் வந்தது. வண்டிக்கு ஏழு பேர் எதற்கு. நாலு பேர் துறையில் இருக்கட்டும், மூன்று பேரை ஒப்பந்தக்காரர் தினக்கூலிக்கு அனுப்புவார். ஹோஸ் சுமக்க, கூட்டம் விலக்க, கயிறு பிடிக்கப் பயிற்சி எதற்கு. முதலில் சில நிலையங்களில் செய்து பார்ப்பார்களாம். அதில் எங்கள் நிலையமும் ஒன்று. கடைசியாகச் சேர்ந்த மூன்று பேருக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை, அவர்கள் போக வேண்டியதுதான். சின்னராஜ், கோவிந்தன், நான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பொம்மிடி. கவர்மெண்டு வேலை என்றுதான் கொடுத்தார்கள். நிலம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. விஷயம் தெரிந்து மாமனார் ஆகப்போகிறவர் ஒருநாள் பஸ் ஏறி வந்துவிட்டார். நிலையத்து வாசலில் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "வண்டி இங்கதான இருக்கும்? நீங்க மட்டுந்தான் போவீங்களா?" என்று கேட்டார். காதர்தான், "போவ மாட்டாருங்க. பத்திரிக அடிங்க" என்றான். எந்தத் தைரியத்தில் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவனையே மாற்றப்போகிறார்கள்.

இந்த நிலையில்தான் அந்தக் கிணறு.

உச்சிப்பொழுது. டிவிஎஸ் வண்டியில் ஒருவர் வந்தார். பொம்மிடிப் பக்கம் ஒரு காட்டுக் கிணற்றில் இரண்டு பேர் விழுந்து கிடக்கிறார்கள் என்றார். தண்ணீர் கீழே போய்விட்டதால் ஆயில் எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி, நடுத்திட்டில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்த வருஷம் எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்தார்கள். பார்க்கப்போன நிலத்துக்காரர் மேலே வரவில்லை. அவரைத் தூக்கப்போன தம்பியும் வரவில்லை.

போய் இறங்கினோம். ஊரே மேட்டில் நின்றது. பாறை வெட்டுக் கிணறு. பாதி ஆழம் வரை படி வெட்டியிருந்தது. அதற்குக் கீழே நேர்சுவர். திட்டில் எஞ்சின் தெரிந்தது. டீசல் தீர்ந்து நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கட்டம்போட்ட லுங்கி. இரண்டும் அசையவில்லை.

நிலத்துக்காரர் சம்சாரம் ஓடி வந்து முனுசாமி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் வூட்டுக்காரரு கெடக்குறாருங்க. எடுக்கப்போன கொழுந்தனும் கெடக்குது. சீக்கிரம் எறங்குங்கண்ணா."

சார் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. லாந்தரை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கச் சொன்னார். காற்று கெட்டிருந்தால் விளக்கு அணையும், பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். விளக்கு திட்டு வரை போனது. அணையவில்லை. கூட்டத்தில் ஒருவர், "அதான் எரியுதுல்ல, எறங்குங்கய்யா" என்றார். சின்னராஜ் கால்சட்டையை மடித்துவிட்டான்.

"இரு" என்றார் சார். "ஓடினது எஞ்சினு. அந்தப் புகைக்கு வெளக்கு அணையாது. ஆளுதான் அணைவான்."

வேப்பங்கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டச் சொன்னார். கட்டைக் கயிற்றில் இறக்கி, தயிர் கடைகிற மாதிரி மேலும் கீழும் இழுத்தோம். கெட்ட காற்று கலையும். ஒரு பக்கம் ஹோஸ் போட்டு, தண்ணீரைப் பூவாக விரித்துச் சுவரோரம் உள்ளே அடித்தோம். தண்ணீரோடு மேல்காற்றும் கீழே போகும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அந்த அம்மாவுக்கு எப்படிப் புரியும்.

"ஆளு சாவறாங்க. தழயப் போட்டு ஆட்டிக்கினு இருக்கீங்களே. நீங்கல்லாம் ஆம்பளைங்களா?"

சார் அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு கிளைக்கட்டு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வியர்வை இல்லை. வெயிலில் அவர் ஒருவருக்குத்தான் வியர்க்கவில்லை.

பிறகு முனுசாமி அண்ணனிடம் கேட்டார். "கருவி?"

"சேலத்துலிருந்து இன்னும் வரலீங்க சார்."

காதர் முன்னால் வந்தான். "நான் எறங்குறேன் சார்."

"கருவி இல்லாத கெணத்துல எறங்குடான்னு ஆர்டர் போட எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் சார். "நானே எறங்கிக்கலாம். அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல."

கைக்கடிகாரத்தைக் கழற்றி முனுசாமி அண்ணனிடம் கொடுத்தார். பூட்ஸைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்தார். உயிர்க்கயிற்றைத் தன் மார்பில் தானே கட்டிக்கொண்டார். ஆளைத் தூக்க இன்னொரு கயிறு. அதில் இரண்டு வளையம் வரும், ஒன்று கக்கத்துக்கு, ஒன்று தொடைக்கு. நாற்காலி முடிச்சு என்போம். அதையும் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். இதில் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. காலையில் நிலையத்தில் செய்கிற அதே வேகம். நான் அப்படி ஒரு நிதானத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும் பார்த்ததில்லை.

நாங்கள் வரிசையில் நின்றோம். பேர் சொல்ல வேண்டும். முனுசாமி அண்ணன் ஏற்கனவே கையைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தார். சார் எங்கே இறங்கினாலும் அவர்தான் பிடிப்பார். எங்களுக்கும் அதில் சந்தேகமில்லை.

சார் வரிசையைப் பார்த்தார்.

"காதர்."

யாரும் அசையவில்லை. காதரும் அசையவில்லை.

"சார், நானா…"

"கயித்தப் புடிய்யா."

காதர் செருப்பை உதறிவிட்டு வந்தான். கையுறையைக் கழற்றினான். கையுறை போட்டால் கயிறு பேசுவது தெரியாது. குதிகால் இரண்டையும் பாறையில் ஊன்றி உட்கார்ந்தான். கயிற்றை முதுகைச் சுற்றி இரண்டு கையிலும் வாங்கினான். அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கோவிந்தன். அவன் சொன்னால்தான் நாங்கள் இழுக்க வேண்டும்.

சார் விளிம்பில் நின்று சொன்னார். "ஒரு இழு, நல்லா இருக்கேன். மூணு இழு, தூக்கு. மூணு வராம தூக்காதீங்க. முடிச்சு போடறப்ப தூக்கினா ஆளு பாறையில அடிபடுவான். இது ஆர்டரு." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

கயிறு பிடிக்கிறவனிடம் யாரும் பேசக் கூடாது. எனக்குக் காதரின் பின்கழுத்தும் விரல்களும்தான் தெரிந்தன. விரல் திறந்து மூடும். அந்த அளவுக்குக் கயிறு போகும். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போகாது. அவன் கிணற்றைப் பார்க்கவே இல்லை. எதிரே இருந்த பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான் என்பதும் சரியில்லை. காது கேட்கிறவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பானே, அப்படி.

ஒரு இழு. "நல்லா இருக்காரு" என்றான்.

மூன்று இழு. தூக்கும் கயிற்றை அந்தப் பக்கம் சின்னராஜும் மாதையனும் இழுத்தார்கள். லுங்கிக்காரர் வந்தார். தம்பி. வாயில் நுரை. சின்னராஜ் அவரைக் கவிழ்த்துப் போட்டு முதுகை அழுத்தி மூச்சு ஊட்டினான். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் இருமினார். ஊர் முழுக்க ஒரு சத்தம் வந்தது.

முனுசாமி அண்ணன் குனிந்து, "சார், மேல வாங்க. காத்து வாங்கிக்கினு அப்புறம் போலாம்" என்று கத்தினார்.

கயிறு ஒரு இழு இழுத்தது. நல்லா இருக்கேன். அவர் வரவில்லை. தூக்குக் கயிறு மறுபடி கீழே போனது.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்ல முடியாது. காதரின் விரல்கள் நின்றுவிட்டன. கழுத்து நரம்பு எழும்பியது. தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தான்.

"இழுங்கடா" என்றான்.

"காதரு, சிக்னல் வரல" என்றார் முனுசாமி அண்ணன். "மூணு இழு வரட்டும். ஆர்டரு."

"ஆர்டரு கீழ கெடக்குது. இழுங்க."

இழுத்தோம். என் கை இழுத்தது, புத்தி பயந்தது. சார் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தால், நாங்கள் இழுப்பதில் அவர் பிடி விட்டு அந்த ஆள் தண்ணீரில் விழுந்தால், மூன்று பேருக்கும் வேலை அன்றைக்கே போகும். காதருக்கு வேலையோடு நிற்காது. அது அவனுக்கும் தெரியும். அவன் கயிற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தான்.

சார் வந்தார். தலை தொங்கியது. தோள்பட்டை பாறையில் உரசிச் சட்டையோடு தோல் போயிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. காதர் அவரை மடியில் போட்டுக் கன்னத்தில் அறைந்தான். நிலைய அலுவலரை. மூன்று நாலு அறை. பிறகு ஒரு மூச்சு வந்தது. கிழிகிற மாதிரி வந்தது.

தூக்குக் கயிற்றை இழுத்தால் கனமாக வந்தது. வேட்டிக்காரர் அதில் உட்கார்ந்த மாதிரி வந்தார். நாற்காலி முடிச்சு, இரண்டு வளையமும் சரியான இடத்தில், பூட்டு முடிச்சும் போட்டு. எல்லாம் முடித்திருந்தார். கடைசியில் மூன்று இழு இழுக்கத்தான் கை வரவில்லை. நினைவு போகிற நேரத்தில் ஒருவர் போட்ட முடிச்சு அது. அதை அவிழ்த்தது நான். அப்படி ஒரு முடிச்சை இன்று வரை நான் போட்டதில்லை.

வேட்டிக்காரர் பிழைக்கவில்லை. முதலில் விழுந்தவர், நேரம் ஆகிவிட்டது. அந்த அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, சாரின் பூட்ஸ் ஓரத்தில் கிடந்ததே, அதை எடுத்துத் தூசி தட்டி வண்டியில் வைத்தார்.

சாரையும் அந்தத் தம்பியையும் ஊர்க்காரர் ஒருவரின் அம்பாசடரில் ஏற்றித் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கயிறு சுருட்டி வண்டி ஏறினோம். முனுசாமி அண்ணன் "நம்பர்" என்றார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. காதர் அஞ்சு. நான் ஆறு.

மாதையன் சாவியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போலாம் மாதையா."

"இன்னும் ஒருத்தர் சொல்லலீங்க."

"தெரியும். போலாம்."

போனோம். எண்ணிக்கை முடியாமல் அந்த வண்டி கிளம்பியது அன்றைக்குத்தான். வழி முழுக்க மாதையன் வண்டியிடமும் பேசவில்லை.

சாயங்காலம் நான் காதரைக் கேட்டேன். எப்படித் தெரிந்தது என்று.

"நிக்கிற ஆளோட கயிறு சும்மா இருக்காதுடா. மூச்சு உடறது, கால் மாத்தறது, எல்லாம் வரும். திடீர்னு கயிறு வெறும் கயிறாயிருச்சு."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். நானும் அதே கயிற்றைத்தான் பிடித்திருந்தேன்.

சார் திரும்பி வந்தபோது தோளில் கட்டு, குரல் கம்மிப்போயிருந்தது. காதரிடம் ஒன்றும் சொல்லவில்லை. "ம்" கூடச் சொல்லவில்லை. காலையில் உயிர்க்கயிற்றை எடுத்து ஒரு கையால் உருவினார்.

ஒப்பந்த விஷயமாகக் குழு ஒன்று நிலையத்துக்கு வந்தது. மேலதிகாரிகள் மூன்று பேர். தலைவராக வந்தவர் மரியாதையான மனிதர், எங்களையும் வாங்க என்றுதான் கூப்பிட்டார். ஒப்பந்தம் எடுக்க இருந்தவரும் கூட வந்தார். லாரி வைத்துத் தொழில் செய்கிறவர், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. காதர் இரவெல்லாம் உட்கார்ந்து பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தான். அலுவலர் மட்டும் பேசினால் போதும் என்றுவிட்டார்கள். லீடிங் ஃபயர்மேன் பக்கத்தில் நிற்கலாம். காதர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிலையத்து மணிக்குப் பக்கத்தில் வெளியே நின்றான். நான் உள்ளே டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வேலை அந்த அறையில்தான் இருந்தது. தம்ளர் சத்தம் போடாமல் வைத்தேன்.

தலைவர் கேட்டார். "கிணத்து விஷயம் படிச்சோம். பெரிய காரியம். ஆனா கயிறு பிடிக்கறது பலம் உள்ள எந்த ஆளும் செய்யக்கூடியதுதானே?"

"ஆமாங்க சார். பலம் இருந்தாப் போதும்" என்றார் சார்.

நான் அடுத்த தம்ளரை வைக்காமல் நின்றேன்.

"அப்ப ஒப்பந்த ஆள் போதும்னு சொல்றீங்க."

"இல்லீங்க சார். அன்னைக்கு நான் காதர்னு ஒரு ஆளக் கூப்பிட்டேன். அவன் மேல நானே மெமோ குடுத்திருக்கேன். மாத்தச் சொல்லியும் எழுதியிருக்கேன்."

"பின்ன ஏன் அவரக் கூப்பிட்டீங்க?"

"அவன் என் பேச்சக் கேக்க மாட்டான். அதான்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு இழு வராம தூக்காதேன்னு ஆர்டர் போட்டேன். அந்த ஆர்டர் சரியான ஆர்டர்தான். ஆனா கீழ எனக்கு நெனவு போச்சுன்னா அதே ஆர்டர்ல நான் செத்துருவேன். அது எறங்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஆர்டர மீறி இழுக்கற ஆளு ஒருத்தன் வேணும். என்கிட்ட ஒருத்தன்தான் இருந்தான்."

பக்கத்தில் நின்ற முனுசாமி அண்ணன், யாரும் கேட்காமலேயே சொன்னார். "நான் இழுத்திருக்க மாட்டேங்க சார்."

அதைச் சொல்வதற்கு என்ன மனசு வேண்டும். இருபது வருஷம் சாருக்குக் கயிறு பிடித்தவர்.

ஒப்பந்தக்காரர் மெதுவாகச் சொன்னார். "எங்க ஆளுங்களும் பயந்த ஆளுங்க இல்லீங்க சார். எந்தக் கெணத்துலயும் எறங்குவாங்க."

"எறங்குவாங்க. கெணத்துக்குப் பயப்பட மாட்டாங்க" என்றார் சார். "உங்களுக்குப் பயப்படுவாங்க. நாளைக்கு வராதேன்னு சொல்லிருவீங்கன்னு பயப்படற ஆளு, ஆர்டர மீறி என்னத் தூக்க மாட்டான். அவன் மேல தப்பில்ல. அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல."

தலைவர் ஏதோ எழுதினார். டீ ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் வெளியே வந்தேன். காதர் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாம் கேட்டிருந்தது. பையிலிருந்த காகிதத்தை எடுத்தான், பார்த்தான், மறுபடி உள்ளே வைத்தான். "நான் ரெண்டு பக்கம் எழுதினேன்டா" என்றான்.

கொஞ்ச மாசத்தில் உத்தரவு வந்தது. எங்கள் நிலையத்தில் ஒப்பந்தம் இல்லை. வண்டியில் ஆட்கள் பழையபடி, எல்லாரும் துறை ஆட்கள். புது மூச்சுக்கருவியும் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் வேலை நிரந்தரம் ஆனது. மாமனார் பத்திரிகை அடித்தார்.

அதே தபாலில் காதருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. தெற்கே, கடலோரம். சார் அதை ரத்து செய்யச் சொல்லி முன்னமே சேலத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். நீங்கள்தானே எழுதினீர்கள், எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். இதை அவர் காதரிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"மெமோவையும் வாபஸ் வாங்கப் போனீங்களா சார்?"

"இல்ல. என்னைத் தாண்டிப் போனது தப்பு. மெமோ சரிதான்."

காதர் சிரித்துவிட்டான். "சரிதாங்க சார்."

அவன் போகிற அன்று காலை அணிவகுப்பு முடிந்தது. தகரப்பெட்டி வாசலில் இருந்தது, அவன் அப்பா செய்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சார் கலைந்து போகச் சொல்லவில்லை.

"வண்டியில ஏறுங்க" என்றார்.

அழைப்பு எதுவும் வரவில்லை. மணி அடிக்கவில்லை. ஏறினோம். அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். காதர் சீருடை இல்லாமல் சாதாரண பேண்ட் சட்டையில் இருந்தான், அவனும் தன் இடத்தில் உட்கார்ந்தான். சார் முன்னால் மாதையனுக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு எண்ணிக்க முடியல" என்றார். "முனுசாமி, நம்பர்."

முனுசாமி அண்ணன் ஒன்று என்றார். மாதையன் இரண்டு. சின்னராஜ் மூன்று, அன்றைக்கு அவன் வேறெதுவும் பேசவில்லை. கோவிந்தன் நாலு. காதர் அஞ்சு என்றான். நான் ஆறு என்றேன். மாதையன் சாவியில் கை வைத்துக் காத்திருந்தார். முன்னாலிருந்து அந்தக் கம்மிய குரல் வந்தது.

ஏழு.